பாக்கியராஜ் மாமா போட்ட கயித்துக் கணக்கு

எங்க அக்கா கிரேஸைக் கட்டிக்கினவரு பாக்கியராஜ் மாமா. பாரம் தூக்கற கேங்குக்கு மேஸ்திரி. எழுபத்தொம்போதுல கவரைப்பேட்டை பக்கம் ஒரு ஃபேக்டரி கட்டிக்கினு இருந்தாங்க, நானும் அவரு கேங்குலதான் வேலை. சூப்பர்வைசர் பரீட்சையில ரெண்டு தபா ஃபெயிலு மனுசன். ரெண்டு தபாவும் ஒரே கணக்குதான் கவுத்துச்சு: ஒரு பாரம், ரெண்டு கயிறு, ரெண்டும் வேற வேற சாய்வு, எந்தக் கயித்துக்கு எவ்ளோ இழுப்பு?

அத்தோட விட்டாரா? சோத்து டப்பாவைத் தொறந்து வெச்சுக்கினு சைனு, காஸுன்னு ஒரே பேஜாரு. பக்கவாட்டு இழுப்பு ரெண்டும் சமம், மேல இழுக்கறது ரெண்டும் சேந்தா பாரம், ரெண்டையும் ஒண்ணாப் போட்டாத்தான் விடை வரும்னு புலம்புவாரு. நாப்பது வயசுல உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலைன்னு நான் கிண்டல் பண்ணாத நாளே கிடையாது.

ஒரு நாளு ரெண்டு டன்னு டேங்க்கை ரெண்டு தூணுக்கு நடுவுல தொங்கவிட்டு பீடத்துல எறக்கணும். போல்ட்டு மேல சரியா உக்காரவைக்க ஒரு ஆள் கீழ நிக்கணும். அது நான். கயித்தோட சாய்வைத் தூக்குக் குண்டு வெச்சு அளந்து குடுத்தோம், ஒண்ணு முப்பது டிகிரி, ஒண்ணு அறுவது. ஆபீசுலேர்ந்து இஞ்சினீரு சீட்டு அனுப்பினாரு: முதலாவதுக்கு மெல்லிசுக் கயிறு, ரெண்டாவதுக்குத் தடிக் கயிறு. முதலாவது கிட்டத்தட்ட செங்குத்தா போறது, ரெண்டாவது நல்லா சாஞ்சது. சாஞ்சதுதானே ஜாஸ்தி இழுக்கும்னு எனக்கும் நாயமாத்தான் பட்டுச்சு.

மாமா நவுரல. சாக்பீஸை எடுத்து தரையிலயே கணக்கு போட ஆரம்பிச்சிட்டாரு. ஃபெயிலான கணக்கை இங்க போடறாரு பாருன்னு கேங்கே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வெக்கங்கெட்டவன். போட்டு முடிச்சு நேரா இஞ்சினீருகிட்ட போனாரு.

“சார், முப்பது, அறுவதுன்னு நாங்க அளந்தது நேரா தொங்கற குண்டு நூல்லேர்ந்து. நீங்க தரையிலேர்ந்துன்னு எடுத்துக்கினீங்க. செங்குத்துக் கயித்துக்குத்தான் ஒண்ணே முக்கா டன்னு வருது. அந்த மெல்லிசு ஒண்ணேகாலுக்கு மேல தாங்காது.”

இஞ்சினீரு நல்ல மனுசன். உக்காந்து திரும்பப் போட்டாரு. மூஞ்சி வெளுத்துப்போயி, கயித்தை மாத்துங்கன்னாரு.

மாத்தினோம். நான் கீழ போனேன். மாமா என் தோளைப் புடிச்சு வெளிய தள்ளினாரு.

“நீ போடா. கணக்கு என்னுது, நான் நிக்கறேன்.”

தப்பாப் போட்டிருந்தா தன் மேலயே விழட்டும்னு அந்த மனுசன் போயி நின்னுக்கினாரு. எனக்குக் கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நானும் போயி பக்கத்துல நின்னேன். உங்க அக்காவுக்கு நான் இன்னாடா பதில் சொல்லுவேன்னு திட்டினாரு.

“கணக்கு சரியாத்தான் இருக்கும், எறக்கச் சொல்லு மாமா”ன்னேன்.