கச்சான் தோட்டத்துப் பூவரசுகள்

ஏழெட்டு வருடங்களுக்கு முன், முல்லைத்தீவுப் பக்கம், எங்கள் காணிகளைத் திருப்பிக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் கொட்டகை போட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம். உள்ளே எங்கள் வளவுகளையெல்லாம் ஒன்றாக்கிப் படையினர் பண்ணை வைத்திருந்தார்கள். அந்தப் பண்ணைக்குத்தான் என் தங்கை வேலைக்குப் போனாள்.

அவள் கணவருக்குப் போரில் ஒரு கால் போய்விட்டது. மூன்று பிள்ளைகள். காரணம் எனக்கும் தெரியும். ஆனாலும் காலையில் பண்ணை உழவு இயந்திரம் எங்களைக் கடக்கும்போது, பின்னால் இழுபடும் பெட்டியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்கட தங்கச்சி போறா, கண்டனீங்களோ?" என்று பக்கத்து வளவு மாமி ஒருநாளும் தவறாமல் கேட்பார். நான் தங்கையோடு கதைப்பதையே நிறுத்திவிட்டேன்.

போராட்டம் என்றால் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். முள்ளுக்கம்பிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்டிருந்த தோட்டத்துக்கு நட்டநடுவே ஒரு பூவரசு. தள்ளி இன்னொன்று. கச்சானுக்கு நடுவே எந்த மடையன் பூவரசு நடுவான்? நிழலுக்கு என்றாள் ஒருத்தி. எதையோ புதைத்த அடையாளம் என்றாள் இன்னொருத்தி. எனக்கு நித்திரையிலும் அதே யோசனை. உள்ளே வேலை செய்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ரோஷம் விடவில்லை.

ஒருவழியாகக் காணியை விட்டார்கள். விழுந்தடித்து ஓடினோம். வீடு இல்லை, கிணறு இல்லை, வேலி இல்லை. ஒரே வெளி. யாருடைய காணி எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை நாள் ஒரே பாயில் இருந்து போராடிய மாமியும் நானும் எல்லைக்காகப் பிடுங்குப்படத் தொடங்கினோம்.

அப்போதுதான் தங்கை வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேரே ஒரு பூவரசடியில் போய் நின்றாள்.

"மாமி, இதுதான் உங்கட வடக்கு மூலை. அக்கா, அங்கால நிக்கிறது எங்கட."

வேலைக்குப் போன முதல் மாரி மழையிலேயே, மிச்சமிருந்த பழைய வேலிக் கட்டைகளை இயந்திரம் கிளறி எடுக்குமுன், மூலைக்கு மூலை பூவரசங் கிளையை வெட்டிக் கதியாலாக ஊன்றியிருக்கிறாள். பண்ணைப் பொறுப்பாளர் கேட்டதற்கு நிழலுக்கு என்றாளாம். பிறகு நில அளவையாளர் வந்து அளந்தபோது ஒரு முழம்கூடப் பிசகவில்லை. மாமி அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நான் மெல்ல அவளருகே போனேன்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமேடி?"

"உங்கட வாய் தெரியும்தானே அக்கா. கொட்டில் முழுக்கக் கதை பரவியிருக்கும். பிறகு மரமும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கை எந்தப் பக்கம் என்று ஊருக்கே தீர்ப்புச் சொன்ன எனக்கு, "இண்டைக்கு என்னடி வேலை செய்தனி?" என்று ஒருநாளாவது அவளிடம் கேட்கத் தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.