யாரும் அழைக்காத பந்தி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரும் அழைக்காமல் எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை.

தை மாதம் மகள் என்னை அந்தமானுக்குக் கூட்டிப் போனாள். உத்திரமேரூர் ஏரியில் நீந்தி வளர்ந்த எனக்குக் கடலில் முங்கி மீன் பார்க்க ஆசை. ஆனால் ஓட்டலில் தட்டைத் தூக்கிப் போய் நாமே அள்ளிக்கொள்ள வேண்டுமாம். நான் அசையவில்லை.

"துன்னாம கடல்ல எறங்க வுடமாட்டேன்மா."

"யாராவது வான்னு கூப்ட்டாங்களா? நான் இன்னா பிச்சக்காரியா?"

"பேஜார் பண்ணாத. நான் போட்டுக்கினு வர்றேன்."

"நீயே இங்க விருந்தாளி. நீ இன்னாடி உபசாரம் பண்றது?"

அப்போதுதான் எதிர் மேசையில் என் வயதுக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். வங்காளத்து அம்மாள். முன்னால் தட்டுகூட இல்லை. அவளையும் யாரும் கூப்பிடவில்லை போலும். மனசு கேட்கவில்லை. எழுந்து போய்ச் சோறும் வறுத்த மீனும் வைத்துக் கொண்டுவந்து, "வாம்மா, சாப்புடு" என்றேன்.

அவள் சிரித்தாள். தானும் போய் எனக்கொரு தட்டு கொண்டுவந்தாள். தன் பாஷையில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இருவரும் மூச்சுமுட்டச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் நான் கடலில் முங்கி எழுந்தபோது அந்த அம்மாள் கரையில் நின்று கைதட்டினாள்.

இப்போதெல்லாம் யார் வீட்டு விசேஷமானாலும், ஓரமாக நிற்பவர்களை நானே முதலில் கூப்பிட்டுவிடுகிறேன்.

சரி கண்ணு, ஆயா சொன்னத அப்பிடியே எழுதிக்கினியா? எங்க, படிச்சிக் காட்டு.