இடது பின் சக்கரத்தில் நாற்பத்தொரு கிலோ

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இது நடந்தது. பாதி ராத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. மழை விட்ட ஒரு வியாழக்கிழமை மதியம், டியூப்லைட் எரிகிற ஒர்க்‌ஷாப்பில், என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் அடுத்த நொடி காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை என்னிடம் சொன்னபோது காது சிவக்கவில்லை.

மாப்பிள்ளையின் தொழில், பந்தய வண்டிகளுக்கு டிஃபரன்ஷியல் மாற்றுவது. வண்டி வளைவில் திரும்பும்போது இரண்டு பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அச்சின் நடுவில் இருக்கும் அந்தப் பெட்டி. சாதாரணப் பெட்டி என்றால், எடை குறைந்த பக்கத்துச் சக்கரம் சும்மா சுழன்று சக்தியை எல்லாம் வீணாக்கிவிடும். அதனால் பந்தயக்காரர்கள் அந்த வீண் சுழற்சியை மட்டுப்படுத்துகிற லிமிடெட் ஸ்லிப் பெட்டியைப் போடுவார்கள். அதிலும் பிளேட் வைத்தது ஒரு ரகம், பல்சக்கரம் வைத்தது ஒரு ரகம். தப்பான ரகத்தைப் போட்டால் வண்டி வளைவில் திரும்பாது, நேராகப் பள்ளத்துக்குப் போகும்.

வந்தவர் ஒரு வங்கி மேனேஜர். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் பேங்க் மேடம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மலைப்பாதையில் கார்ப் பந்தயம்.

"ரெண்டு மூணு நாளா இடது வளைவுல பின்பக்கம் என் பேச்சே கேக்க மாட்டேங்குதுண்ணா. டைட்டா ஒரு பிளேட் டைப் போட்டு விடுங்க."

"போடறேன் மேடம். முதல்ல எடை பாத்துடலாம். கண்ணை மூடிக்கிட்டு போட்டா உங்க உயிருக்குத்தான் ஆபத்து."

அதுதான் மாப்பிள்ளை. கடையில் ஒரு கிலோ தக்காளி வாங்கினாலும் வீட்டில் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கிற ஜென்மம். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எடைப் பலகை வைத்தார். மேடத்தை ஹெல்மெட்டோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். ஓட்டுகிறவர் எடையும் சேர வேண்டும். வண்டியில் இருந்தது அந்த ஒரு இருக்கைதான், மற்றதை எல்லாம் எப்போதோ கழற்றியாகிவிட்டது. பின்னால் வெறும் தகரத் தரை.

மணி 2:35. வண்டியும் மேடமும் சேர்ந்து 1,118 கிலோ வர வேண்டும். வந்தது 1,159.

நாற்பத்தொரு கிலோ கூடுதல். அதில் முக்கால்வாசி இடது பின் சக்கரத்தில்.

"டிக்கில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் நேரத்தையும் எடையையும் எழுதினார். வண்டியைத் தள்ளி இறக்கி, நான்கு பலகையையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றினார். 2:52. அதே நாற்பத்தொன்று.

பலகைதான் கோளாறு என்று முடிவு கட்டினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். முன்னால் இருந்ததைப் பின்னால், இடதை வலது என்று மாற்றி வைத்தார். பலகை கெட்டிருந்தால் கூடுதல் எடையும் அதோடு இடம் மாறியிருக்க வேண்டும்.

மாறவில்லை. அதே இடது பின் சக்கரம். 3:08. ஆனால் இப்போது முப்பத்தெட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக்... டொக்... வண்டிக்குள்ளிருந்து. சூடான தகரம் ஆறுகிறது என்று நினைத்தார். வண்டி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறுவதற்கு அதில் சூடே இல்லை.

"அண்ணா..." மேடம் திரும்பாமல் கூப்பிட்டார். "பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"மூச்சு விடற சத்தம் கேக்குது."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். வெறும் தரை. ஆனால் இடது பின் கண்ணாடியில், உள்பக்கம், உள்ளங்கை அளவுக்குப் பனி படிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு படர்ந்தது. மறுபடி சுருங்கியது.

ஈர மண் வாடை வந்தது.

3:21. இருபத்தொன்பது கிலோ.

"இறங்குங்க மேடம்."

"என்னாச்சு?"

"முதல்ல இறங்குங்க!"

இறங்கினார். மேடத்தின் எடை மட்டும்தான் குறைந்தது. அந்தக் கூடுதல் அப்படியே உள்ளே இருந்தது. இருபத்து நான்கு... இருபது... எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

டொக்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை.

டொக்...

மாப்பிள்ளை எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்று. ஆறு.

கண்ணாடியில் பனி படரவில்லை.

3:41.

பூஜ்யம்.

"அப்பாடா!" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், நிம்மதியாகத்தான். மழை ஈரத்தில் மெஷின் கோளாறு, அவ்வளவுதான் என்று மாப்பிள்ளை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எடை இப்போது சரியாக வந்துவிட்டது. இனிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். வண்டியின் வேகம், பிரேக், சக்கரங்களில் விழுகிற பாரம் எல்லாவற்றையும் பதிவு செய்கிற கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, இந்த வாரப் பயிற்சி ஓட்டங்களைப் பார்த்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை வரை எல்லாம் ஒழுங்கு. 5:52க்கு ஏழாவது வளைவில் வண்டி நின்றிருக்கிறது. பதினான்கு விநாடி. அதற்குப் பிறகுதான் எல்லா ஓட்டத்திலும் இடது பின்பக்கம் கனத்திருந்தது.

"திங்கக்கிழமை இங்க ஏன் நின்னீங்க?"

மேடம் திரையை எட்டிப் பார்த்தார்.

"டப்புன்னு ஒரு சத்தம். சைடு கண்ணாடி விரிசல் விட்டுச்சு. கல்லுன்னு நினைச்சேன்..."

"இறங்கிப் பாத்தீங்களா?"

மேடம் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"மேடம். பாத்தீங்களா?"

"பயமா இருந்துச்சுண்ணா. பனியில ஒண்ணுமே தெரியல. போயிட்டேன்."

மாப்பிள்ளை தன் வேனின் சாவியை எடுத்தார். மேடமும் கூடவே ஏறிக்கொண்டார். ஏழாவது வளைவின் தடுப்புச் சுவருக்குக் கீழே, இருபதடிப் பள்ளத்தில், ஒரு பெண் பாறையில் சாய்ந்த மாதிரி கிடந்தார். மலைமேல் விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர். திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். உடைந்த காலைத் தன் துணியாலேயே கட்டியிருந்தார். பக்கத்தில் பாறைக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மாப்பிள்ளை இறங்கிப் போய்க் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

நாடி இல்லை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

மேடம் அங்கிருந்தே போலீசுக்குப் போன் செய்து, நான்தான் இடித்தேன் என்று சொல்லிவிட்டார். வழக்கு நடக்கிறது. மாப்பிள்ளை எடைப் பலகைகளை விற்றுவிட்டார், தொழிலையும் விட்டுவிட்டார். அந்த வண்டிக்குள் இருந்தது என்ன, எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தால் நானே நிம்மதியாகத் தூங்குவேன்.

ஒன்று மட்டும் தெரியும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னது. அந்த அம்மா திங்கட்கிழமை சாகவில்லை. மூன்றரை நாள், மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உயிரோடு கிடந்திருக்கிறார். உயிர் போனது வியாழக்கிழமை மதியம், மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில்.

மாப்பிள்ளை முதல் தடவை எடை பார்த்தது 2:35க்கு. ஒர்க்‌ஷாப்பிலிருந்து அந்த வளைவுக்கு வேனில் இருபத்தைந்து நிமிஷம்.

"செத்தவங்க இல்ல மச்சான்," என்றார் என்னிடம். "உயிரோட இருந்தவங்க. என்னை எத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்க... நான் பலகையை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."