பிரேக் லைட்டுக்கு ஒரு தாள்

ஐப்பசி மழையில் மகன் போனான். டெங்கு. காய்ச்சல் கண்ட வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுடைய மோட்டார் சைக்கிள் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் நின்றது. தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் அதைத் தொடவில்லை. நாளைக் குறித்துவைப்பது என் பழக்கம். இரும்பாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். சரக்கு வந்த தேதியை எழுதாமல் எதையும் அலமாரியில் ஏற்றியதில்லை. படிக்கிற புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்கூட முடித்த தேதியைப் போடுவேன். அவன் போன பிறகு எந்தப் புத்தகத்தையும் முடிக்கவில்லை.

தார்ப்பாயை எடுத்தவள் மகள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது.

"வண்டி சும்மாதான கீது நைனா. நான் எட்துகினு போறேன்."

என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பின்னாடி லைட்டு எரியுதான்னு மொதல்ல பாரு" என்றாள்.

அது எங்கள் வீட்டின் பழைய கேள்வி. ஒருமுறை ஜி.என்.டி. ரோட்டில் மகன் பிரேக் பிடித்தபோது பின்னால் வந்த டெம்போ மோதியது. முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. பிரேக் லைட் எரியாமல் இருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து அவன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அவள் கேட் வரைக்கும் வந்து, "பின்னாடி லைட்டு எரியுதா?" என்று கேட்பாள். அவன் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால்தான் விடுவாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு, மிளகு அளவில் ஒரு சிவப்பு பல்பைப் பொருத்தினான். பிரேக்கை மிதித்தால் அது எரியும்.

"இத்தோ பாரு. இங்க எரிஞ்சா அங்க எரியுதுன்னு அர்த்தம். இனிமே காலங்காத்தால பேஜாரு பண்ணாத."

அதற்குப் பிறகும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. அவன்தான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினான். மிதிப்பான், பல்பைப் பார்ப்பான், "எரியுதும்மா" என்பான், போய்விடுவான்.

தார்ப்பாயை எடுத்த அன்று புது பேட்டரி வைத்துச் சாவியைப் போட்டோம். விளக்குகள் வந்தன, ஹாரன் அடித்தது. மகள் பிரேக்கை மிதித்தாள். எல்லாம் ஒரே நொடியில் செத்துவிட்டது. ஃபியூஸ் போயிருந்தது. இன்னொரு ஃபியூஸ் போட்டோம், அதுவும் போயிற்று. கவரப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது, கல்யாணத்துக்குக் கட்ன சீரியல் செட்டு மாதிரி கீது?"

உள்ளே எல்லாம் ரோஸ் ஒயர். வண்டிக் கம்பெனி கொடுத்த ஒயர்களுக்கு நிறம் உண்டு. எர்த்துக்கு ஒரு நிறம், ஹாரனுக்கு ஒன்று, இடப்பக்க இண்டிகேட்டருக்கு ஒன்று. நிறத்தைப் பிடித்துக்கொண்டே போய் எது எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். என் மகன் காயலான் கடையில் ஒரு கட்டு ரோஸ் ஒயரை மலிவாக வாங்கி வந்து, தான் புதிதாகப் போட்ட எல்லாவற்றுக்கும் அதையே இழுத்திருந்தான். லைனுக்கும் ரோஸ், எர்த்துக்கும் ரோஸ். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவன். எல்லாம் ஒரே நிறமா என்று வாங்கி வந்த அன்றே நான் கேட்டேன். "எனுக்குத் தெரியும்ல நைனா, எது எங்க போவுதுன்னு" என்றான்.

"யார் சார் பண்ணது?" என்றார் மெக்கானிக்.

"என் பையன்."

"அவர வரச் சொல்லு சார். அவராலதான் இத்த அவுக்க முடியும்."

என் முகத்தைப் பார்த்து அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முழு ஒயரிங்கையும் மாற்றிவிடலாம், ஒரு நாள் வேலை, பழையதை அப்படியே வெட்டி எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். "வேணாம் தம்பி" என்று வண்டியை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் அவன் கைபட்டு மிச்சமிருந்தவை சட்டைகளும் அந்த ஒயர்களும்தான். சட்டைகளை என் மனைவி துவைத்துவிட்டாள்.

மகள் அந்த வண்டியின் ஒயரிங் படத்தை போனில் தேடி எடுத்தாள். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்து வந்தோம். ஒரே தாளில் வண்டியின் எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சரித்திரப் புத்தகங்களில் ராஜ வம்சங்களின் கிளைகளைக் குழப்பமில்லாமல் படித்துப் பழகியவன் நான். அந்தத் தாளில் பேட்டரியிலிருந்து கிளம்பி மூன்றாவது திருப்பத்தில் தொலைந்துபோனேன்.

அதனால் பிரித்தேன். ஒரு வேலைக்கு ஒரு தாள். ஹாரனுக்கு ஒன்று: பேட்டரி, ஃபியூஸ், சாவி, ஹாரன், பட்டன், எர்த். அவ்வளவுதான், மற்ற எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. இண்டிகேட்டருக்கு ஒன்று, ஸ்டார்ட்டருக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று. இப்படி வரைந்தால் ஒவ்வொன்றும் ஒரே தெருவாகிவிடுகிறது. தெருவின் நடுவில், கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். அது எரிந்தால் கோளாறு இன்னும் தள்ளி. எரியாவிட்டால் கடந்து வந்த பாதியில். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி போட்டேன். கம்பெனிக் கோடுகளைப் பென்சிலால் வரைந்தேன். அவன் போட்டவற்றை வரைய மகள் ரோஸ் நிற ஸ்கெட்ச் பேனா வாங்கிவந்தாள்.

காலையில் நாஷ்டா முடிந்ததும் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அந்த வேலைதான். மகள் சுவிட்சை அழுத்துவாள், நான் தொட்டுப் பார்ப்பேன். ஒரு ரோஸ் ஒயர் சீட்டுக்கு அடியில் போய் ஒரு நீல விளக்கில் முடிந்தது. டூல்ஸ் தேட வைத்திருக்கிறான். இன்னொன்று போன் சார்ஜருக்கு. இன்னொன்றை இழுத்துக்கொண்டே போனால் எதிலும் சேராமல் நின்றது. முனையில் டேப் சுற்றி, பத்திரமாக மடித்துக் கட்டியிருந்தான். அதில் எதையோ மாட்டுவதாக இருந்திருக்கிறான்.

"இன்னா வைக்க இருந்தானோ" என்றாள் மகள். நாங்கள் இருவரும் அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை.

பிரேக் லைட் தாளைக் கடைசியாக வரைந்தேன். பேட்டரி, ஃபியூஸ், சாவி. பிறகு கை பிரேக் சுவிட்ச், கால் பிரேக் சுவிட்ச். அங்கிருந்து பின்விளக்கு, எர்த். இது பென்சில். பின்விளக்குக்குச் சற்று முன்னால் அவன் ஒரு ரோஸ் ஒயரைச் சேர்த்து, சீட்டுக்கும் டேங்குக்கும் அடியில் ஓட்டி, முன்னால் அந்த மிளகு பல்புக்குக் கொண்டுவந்து, அங்கேயே எர்த் கொடுத்திருந்தான்.

வரைந்து முடித்து வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பின்விளக்குக்கு, ஒன்று முன்பல்புக்கு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பேச்சே இல்லை. பின்விளக்கு ஃபியூஸாகிக் கிடந்தாலும் முன்னால் அது எரியும்.

மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் பின்விளக்கின் பல்பைக் கழற்றினேன். புது ஃபியூஸைப் போட்டு, வண்டியை அசைக்காமல், பிரேக் லீவரை மெல்லப் பிடித்தேன். ஃபியூஸ் போவதற்கு முந்தைய கணம் சிவப்பு பல்பு கண்ணைச் சிமிட்டியது.

இங்கே எரிந்தால் அங்கே எரிகிறது என்று அர்த்தம் இல்லை. பேட்டரியும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். இத்தனை காலம் கேட்டில் நின்று கேட்டவளுக்கு அவன் சொன்ன பதில், பதிலே இல்லை. எலக்ட்ரீசியன் படித்தவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே, அம்மாவின் மனசுக்காக மட்டும் அந்தப் பல்பை வைத்தானா? இல்லை, அவசரத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டானா? நான் எழுதி வைத்த எந்தத் தேதியிலும் இதற்கு விடை இல்லை. கேட்க வேண்டியவன் இல்லை.

கோளாறு இருந்த இடத்தையும் அந்தத் தாள்தான் காட்டியது. பிரேக் பிடித்தால் மட்டும் ஃபியூஸ் போகிறது. அந்தத் தெருவில்தான் எங்கோ லைன் வண்டியின் இரும்பைத் தொடுகிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கட்டினோம். லைன் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அது முழுசாக எரியும், விலகினால் மங்கும். மகள் பிரேக்கை மிதித்திருக்க, நான் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டு வந்தேன். டேங்கைத் தூக்கியதும் பல்பு மங்கியது. டேங்குக்கு அடியில், எஞ்சின் சூட்டில், ரோஸ் ஒயரின் தோல் வெடித்துச் செம்பு தெரிந்தது.

வெட்டியிருக்க வேண்டும். டேப் சுற்றினேன். என் மனைவி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அந்தச் சின்ன லைட்ட மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள். "இவளும் பாத்துக்கினு போவட்டும்."

அப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சரி" என்றுதான் வந்தது.

மாசி நடுவில் ஒரு மாலை. தேர்வாய் கண்டிகையிலிருந்து வரும் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, மகள் பிரேக் பிடித்ததும் வண்டி அப்படியே அணைந்துவிட்டது. எஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை, விளக்கு இல்லை. பின்னால் வந்த லாரி ஒதுங்கியதால் தப்பினாள். ஒரு டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போய் எனக்கு போன் செய்தாள். நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். என் டேப் அப்படியே இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் தோல் வெடித்திருந்தது. விரலால் மடித்தேன், மடித்த இடமெல்லாம் உதிர்ந்தது. சூடு தாங்குகிற ஒயரே இல்லை அது.

"அண்ணனுது வேணும்னா ஊட்ல எட்து வெச்சிக்கோ நைனா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எம் உசுரு மேல வெச்சி ஓட்டாத."

மறுநாள் ஞாயிறு. வாசலில் எல்லாத் தாள்களையும் பரப்பி, கல் வைத்து, கட்டிங் பிளேயரை எடுத்தேன். தாளில் ரோஸ் கோட்டைப் பார்ப்பது, வண்டியில் அதைத் தேடுவது, வெட்டுவது. தாள்கள் இருந்ததால் கம்பெனி ஒயர் ஒன்றுகூட அடிபடவில்லை. அவன் போட்ட இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி: இரண்டு முனைகளையும் இடப்பக்கமாக முறுக்கி, டேப்பைச் சுற்றி, டேப்பின் நுனியைப் பிறகு பிரிக்க வசதியாக உள்பக்கம் மடித்திருந்தான். அவன் மறுபடி பிரிப்பதாக இருந்திருக்கிறான். நான் பிரிக்கவில்லை, வெட்டினேன்.

என் மனைவி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு பல்புக்கு வந்தபோது என் கை நின்றது.

"அதுவுமா?"

"ஒயரு உளுத்துப்போச்சு" என்றேன். "இருந்தா வண்டி மறுபடி நிக்கும்."

அது உண்மை. பாதி உண்மை. மற்ற பாதியை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவள் எழுந்து வந்து முந்தானையை விரித்தாள். வெட்டியதையெல்லாம் அதில் போட்டேன். பல்பைக் கடைசியாகப் போட்டேன்.

புது ஃபியூஸ் போட்டோம். பட்டனை அழுத்தியதும் வண்டி கிளம்பிற்று. பிரேக் பிடித்தாலும் அணையவில்லை.

திங்கட்கிழமை மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி நின்றாள். என் மனைவி வழக்கம்போல் கேட் வரை போனாள். "பின்னாடி லைட்டு எரியுதா?"

மகள் பிரேக்கை மிதித்தாள். ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் அந்தத் துளை மட்டும் இருந்தது. அதை ஒரு கணம் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எனுக்கு எப்டிம்மா தெரியும்? நீதான் பின்னாடி நிக்கிற. நீ சொல்லு."

என் மனைவி குனிந்து பார்த்தாள். சிவப்பு வெளிச்சம் அவள் புடவை மேல் விழுந்திருந்தது. மகள் மிதித்தபடியே காத்திருந்தாள்.

"எரியுது" என்றாள் கடைசியில். "போய்ட்டு வா."