சுகன்யா போட்ட முதல் செய்தி

சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் சோலைமுத்துவின் மகள் சுகன்யாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. பேருந்து தாமதமானால் நடத்துநரைக் கேட்பாள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், நேற்று ஏன் தாமதம் என்பாள். அவள் பி.ஏ. முடித்ததும் இதழியல் படிக்கப் போகிறேன் என்றதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. சோலைமுத்துவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

மூன்று வழிகள் இருந்தன. சென்னையில் விடுதியில் தங்கி இதழியல் எம்.ஏ.; அதற்குத் தேர்வெழுதி இடமும் வாங்கிவிட்டாள். மதுரைக்குத் தினமும் போய்வந்து விஸ்காம். இல்லையென்றால் வீட்டிலிருந்தபடியே அஞ்சல் வழியில் ஒரு டிப்ளமோ.

"விஸ்காம்னா என்னத்தா?"

"கேமரா, எடிட்டிங் எல்லாம்ப்பா."

"கல்யாண வீடியோ எடுக்க மதுரைக்கு எதுக்கு? நம்ம ஊரு ஸ்டுடியோ கிளெமென்ட்டே சொல்லித் தருவானே. பேசாம தபால்ல படி. செத்த நேரம் பூவும் எடுக்கலாம்."

சென்னையைப் பற்றிப் பேச்சே எடுக்க விடவில்லை. சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. கேள்வி கேட்காமல் வளைய வந்த சுகன்யாவைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது.

ஒரு நாள் காலை பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. 'சென்னையில் இதழியல் பயிலச் செல்லும் எங்கள் குலவிளக்கு சுகன்யாவை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் என்று ஒருவர் விடாமல் படம். நடுவில் கைகூப்பியபடி சோலைமுத்து. எங்கள் பக்கம் ஃபிளெக்ஸில் படம் விட்டுப்போனால் பங்காளிச் சண்டை வரும். வந்துவிட்டாலோ, கழற்றச் சொல்ல யாருக்கும் மனசு வராது. பொம்பளைப் பிள்ளைக்குச் சென்னை எதற்கு என்று முழங்கிய சித்தப்பா, தன் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இது தெரியாமல், இருட்டோடு கிளம்பிப் போன சோலைமுத்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். கமிஷன் கடை அப்பாஸ் செல்போனை நீட்டினார். அதில் அந்த ஃபிளெக்ஸின் படம்.

"மகளை மெட்ராசுக்குப் படிக்க அனுப்புறீகளாமே! மாஷா அல்லாஹ், எந்த அப்பன்ணே இம்புட்டுத் தைரியமா அனுப்புவான்?"

"ஆமா பாய், பிள்ளை ஆசைப்பட்டுச்சு" என்று சொல்லிவிட்டார் சோலைமுத்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "அந்த ஃபிளெக்ஸ யாரு போட்டது?"

"நான்தான்ப்பா."

அடி விழப்போகிறது என்று அம்மா குறுக்கே வந்தாள். சோலைமுத்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இல்லாத வீட்டை நினைத்துத்தான் அத்தனை நாளும் மறுத்தார். கண் கலங்கியதை அவர் மறைக்கவும் இல்லை.

"பெட்டியக் கட்டு. நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இனிமேலாவது நடந்த பெறகு எழுதுத்தா."