முசஃபாவில் செய்த சேவல்

அபுதாபி பக்கம் முசஃபாவில் நான் வெல்டராக இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வெள்ளைக்காரர்தான் மேனேஜர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், டீ குடிக்கும் நேரத்தில் பழைய போட்டோ ஒன்றை எடுத்து வந்தார். இங்கிலாந்தில் அவருடைய கிராமத்துச் சர்ச் கோபுரம். உச்சியில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று காட்டும் செம்புச் சேவல். அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு புயலில் விழுந்து தொலைந்துபோனதாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊரின் வரலாற்றைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார்கள். அது அச்சுக்குப் போவதற்குள் தம் செலவில் ஒரு சேவலைக் கோபுரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"முடியுமா?" என்றார். நான் யோசிப்பதற்குள், உடன் வேலைபார்த்த புதுக்கோட்டை அண்ணன் தலையாட்டிவிட்டார்.

டூட்டி முடிந்த பிறகு இருவரும் செம்புத் தகட்டை வெட்டித் தட்டினோம். கொண்டையைச் சண்டைச் சேவலுக்கு உள்ளதுபோல் அண்ணன் சிலிர்க்க வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கூரையில் கம்பி நட்டு மாட்டினோம். காற்று வீசியது. எங்கள் சேவல் அசையவே இல்லை.

"என்னண்ணே, அடைகாக்குதா?" என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது.

போட்டோவை மறுபடி பார்த்தோம். வாலிருக்கும் இடத்தை ஒரு மரக்கிளை மறைத்திருந்தது. நாங்கள் குத்துமதிப்பாகச் சின்ன வால் வைத்திருந்தோம். மேனேஜர் தம் ஊருக்குப் போன் போட்டார். சர்ச்சில் மணியடித்த கிழவர் ஒருவர் உயிரோடு இருந்தார். பேசிவிட்டு, மேனேஜர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உடம்பைவிட வால் பெரிசாம்! பிள்ளைகளெல்லாம் அதை மயில் என்றுதான் கேலி செய்வார்களாம்!"

அந்தக் கேலியையும் புத்தகத்தில் சேர்க்கும்படி மேனேஜர் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டாராம்.

வாலை அறுத்துவிட்டு, காற்று பிடித்துத் தள்ளும்படி பெரிதாக ஒன்று வைத்தோம். பாரம் சமமாக நிற்க நெஞ்சுக்குள் ஈயம் ஊற்றினோம். மறுபடி கூரையில் ஏற்றியபோது கடல் பக்கமிருந்து காற்று எழுந்தது. சேவல் மெல்லத் திரும்பி, காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றது. "யல்லா! யல்லா!" என்று பட்டறையே கூச்சலிட்டது. மேனேஜர் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையில் கரி ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

சேவலை ஊருக்கு அனுப்பிவைத்தார். அடுத்த லீவு முடிந்து அவர் திரும்பியபோது கையில் புத்தகம் இருந்தது. கோபுரத்தின் மேல் எங்கள் சேவல். கீழே ஊரே அண்ணாந்து நிற்கும் படம். அதனடியில் செய்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயரும்.

"நம்ம ஊர் பேரு போட்டிருக்கானான்னு பாருடா."

"புதுக்கோட்டை, ராமநாதபுரம். ரெண்டும் இருக்குண்ணே."

"இன்னொரு தடவ படி."

படித்தேன். அண்ணன் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி மெஷின்களுக்கு நடுவே ஓடினார். "வெள்ளைக்காரன் ஊர்க் கதையில நாமளும் இருக்கோம்டா!"

மேனேஜர் மெயின் சுவிட்சை அணைத்தார். "கலாஸ்! இன்று வேலை இல்லை," என்றார். எல்லோரும் பிரியாணிக் கடைக்குக் கிளம்பினோம். அண்ணன் புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லை.