பேய்க்கு வைத்த பல்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. குன்னத்தில் புழுதிக் காற்று. அங்கே ஒரு பள்ளியில் என் புதிய படக்கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். பேய் வரும் பக்கத்தைத் தூக்கிக் காட்டியதும் முப்பத்தொரு பேரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“டேய், நம்ம செல்விடா!”

முந்தைய ஆண்டு அந்தப் பள்ளியில் எடுத்த புகைப்படத்தை, ‘இந்தப் பெண்ணின் பல்லை அப்படியே பேய்க்கு வையுங்கள்’ என்று ஓவியருக்கு அனுப்பியவன் நான்தான்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மீதிக் கதையையும் வாசித்து முடித்தேன்.

மறுவாரம் அவள் அப்பா அரியலூரில் என் வீட்டுக்கு வந்தார்.

“பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குதுங்க சார். பேய்க்கு மூஞ்சி வைக்க எம்புள்ளதான் கெடைச்சுதாங்க?”

விற்காத பிரதிகளை எல்லாம் நானே வாங்கி எரித்தேன். செல்வி இன்றும் பள்ளிக்குப் போகாமல் வெங்காயக் காட்டு வேலைக்குத்தான் போகிறாள். எனக்கு ஆன செலவு பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய், அவ்வளவுதான்.